மேற்குச் சாளரமும் கழற்றி மாட்டும் தட்டியும்

சித்திரையின் கடைசி வாரத்தில், கத்தரி தொடங்கி நாலைந்து நாள் சென்றபின், பிற்பகல் மூன்றரை மணிக்குக் குறிஞ்சிப்பாடியில் மேற்குப் பார்த்த அறையொன்றின் சாளரக் கம்பியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் முதற்பாடத்தை நான் போதிக்க வேண்டிய அவசியம் இல்லை. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்ட அந்தக் கணத்திலேயே பாடம் முடிந்துவிடும். அதே வெயிலில்தான் பக்கத்துச் சுவரும் நிற்கிறது. ஆயினும் ஒன்பது அங்குலச் செங்கற் சுவர், தான் வாங்கிய உஷ்ணத்தை உள்ளே ஒப்படைப்பதற்கு இரவு எட்டு மணி வரையில் தாமதிக்கும் நிதானம் உடையது. கண்ணாடியோ, வாங்கிய மறுகணமே கொடுத்துவிடுகிற ஊதாரி. ஒரு வீட்டில் உள்ள சுவர்ப்பரப்பையும் சாளரப்பரப்பையும் ஒப்பிட்டால் சாளரம் மிகச் சிறிய பாகமே. ஆனால் பிற்பகல் வேளையில் அறையைக் கொதிக்க வைக்கும் குற்றத்தில் அதன் பங்கு அதன் பரப்பளவுக்குச் சற்றும் பொருந்தாத அளவு பெரியது.

நாம் இன்று வழங்கும் சன்னல் என்ற சொல் போர்த்துக்கீசியரோடு கப்பலேறி வந்தது. அதற்கு முன்பு சாளரம் என்றும், இன்னும் பழைய காலத்தில் காலதர் என்றும் வழங்கினார்கள். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்பதே பொருள். அந்தப் பெயரில் வெளிச்சத்துக்கு இடமில்லை, கண்ணாடிக்கோ அறவே இடமில்லை. காற்றை விடுவது ஒன்றே அதன் தொழிலாக இருந்த காலத்தில், வேண்டும்போது திறப்பதும் வேண்டாதபோது அடைப்பதுமாகக் காரியம் எளிதாக முடிந்தது. நக்கீரரின் நெடுநல்வாடையில், வேனிற்காலத்துத் தென்றல் உலாவும் மேல்மாடத்துச் சாளரங்கள் வாடைக்காலம் வந்ததும் தாழிட்டு அடைக்கப்பட்டுக் கிடக்கும் செய்தி வருகிறது. பருவம் மாறினால் சாளரமும் தன் கோலத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற தெளிவு அன்றைக்கே இருந்திருக்கிறது. கண்ணாடி வந்து சேர்ந்தபின்தான் சிக்கல் பிறந்தது. வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். காற்று வேண்டும், அனல் வேண்டாம் என்று ஒரே துவாரத்திடம் நாம் பரஸ்பர விரோதமான கோரிக்கைகளை வைக்கத் தொடங்கினோம்.

குளிர்நாட்டார் தங்கள் பங்குக்கு உள்ள சிக்கலை இரட்டைச் சாளரத்தால் தீர்த்துக்கொண்டார்கள். நெய்வேலியில் 1962-ஆம் ஆண்டு மின் உற்பத்தியைத் தொடங்கிய முதல் அனல் மின்நிலையம் சோவியத் நாட்டின் உதவியால் எழுந்தது என்பதை இவ்வட்டாரத்தார் அறிவார்கள்; அந்த நாட்டு வீடுகளில் ஒரே நிலையில் ஒன்றின்பின் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் கதவுகள் அமைந்திருப்பது வழக்கமாக இருந்தது. இலையுதிர்காலம் முடியும் தறுவாயில் இரண்டுக்கும் நடுவில் பஞ்சு வைத்து, இடுக்குகளின்மேல் காகிதக் கீற்றுகளை ஒட்டி, மேல்மூலையில் உள்ள சிறு திறப்பு ஒன்றை மட்டும் சுவாசத்துக்கு விட்டு, மற்றவற்றை வசந்தம் வரும்வரை அடைத்துவிடுவார்கள். கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும், இருக்கிற சாளரத்தின்மேல் இன்னொரு கண்ணாடிச் சட்டத்தை வெளிப்புறமாகக் கொக்கியில் மாட்டிப் பனிக்காலம் தீர்ந்ததும் கழற்றி வைக்கும் பழக்கம் உண்டு; அதைப் புயற்சன்னல் என்று அவர்கள் தங்கள் மொழியில் வழங்குகிறார்கள். டொராண்டோவில் வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மவர், வீட்டுக்காரரைக் கேட்டுச் சட்டம் மாட்டுவதற்குப் பதிலாக, கடையில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இருபுறமும் ஒட்டும் டேப்பினால் சாளரச் சட்டத்தில் உட்புறமாக ஒட்டி, தலைமயிர் உலர்த்தும் கருவியால் சூடு காட்ட, அது மேளத்தோல்போல் விறைத்துக்கொள்வதைப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள்.

வேலை செய்வது அந்தத் தாளும் அன்று, கண்ணாடியும் அன்று என்பதே இதில் உள்ள விசேஷம். மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி உஷ்ணத்துக்குக் காட்டும் தடை ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஒற்றைக் கண்ணாடிச் சாளரம் மொத்தமாகக் காட்டும் தடையில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட அந்தக் கண்ணாடியினுடையது அன்று. மிகுதி முழுவதும் அதன் இரு முகங்களிலும் அசையாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய காற்றுப்படலத்தினுடையது. காற்று உஷ்ணத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. கண்ணாடியைக் காட்டிலும் முப்பது, நாற்பது மடங்கு மந்தமானது. ஆனால் அது அசையாமல் இருக்கவேண்டும். அசைந்தால் சோம்பல் போய்விடும். இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை இடைவெளி விட்டால் காற்று ஏறக்குறைய அசைவற்று நிற்கிறது. அதற்குமேல் அகலப்படுத்தினால், சூடான பக்கத்தில் மேலேறியும் குளிர்ந்த பக்கத்தில் கீழிறங்கியும் சுழலத் தொடங்கிவிடுவதால், கூடுதல் அகலத்தால் பிரயோசனம் அதிகம் இல்லை. கம்பளிச் சட்டையும் கோழியின் இறகும் வைக்கோற் போரும் செய்வது இதே வேலைதான்.

இனி, இந்த ஏற்பாட்டை அப்படியே குறிஞ்சிப்பாடிக்குக் கொண்டுவரலாமா என்று பார்ப்போம். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கணக்கைக் கண்டு அஞ்சுகிறவர்கள் முடிவை மட்டும் வாசித்துக்கொள்ளலாம்.

1.2 சதுர மீட்டர் பரப்புள்ள ஒற்றைக் கண்ணாடிச் சாளரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இத்தகைய கண்ணாடியின் ஒரு சதுர மீட்டர் வழியே, இருபுறத்துக்கும் உள்ள ஒவ்வொரு பாகை வித்தியாசத்துக்கும் 5.7 வாட் உஷ்ணம் கடந்து செல்லும். டொராண்டோவில் பனிக்கால இரவொன்றில் வெளியே மைனஸ் 20 பாகை, உள்ளே 20 பாகை என்றால், வித்தியாசம் 40. சாளரம் இழப்பது ஏறக்குறைய 270 வாட். இரண்டாவது கண்ணாடியை மாட்டினால் அது சரிபாதியாகக் குறையும். 135 வாட் லாபம். குறிஞ்சிப்பாடியிலோ வெளியே 40 பாகை, உள்ளே 34 பாகை, வித்தியாசம் ஆறுதான். அதே கண்ணாடி வழியாகக் கடத்தலால் உள்ளே நுழைவது 40 வாட் அளவே. இரண்டாம் கண்ணாடி அதில் மிச்சப்படுத்துவது 20 வாட். ஆனால் அதே நேரத்தில் மேற்கே சாய்ந்த சூரியன் அந்தச் சாளரத்தின் ஒவ்வொரு சதுர மீட்டர்மீதும் 500 வாட் போலக் கொட்டுகிறது. கண்ணாடி அதில் பெரும்பகுதியைத் தடையின்றி உள்ளே விடுவதால், அறைக்குள் வந்து விழுவது ஏறக்குறைய 500 வாட். இருபது வாட்டைக் காப்பதற்காக ஆசாரியையும் கண்ணாடிக் கடைக்காரரையும் அழைத்து, ஐந்நூறு வாட் நுழைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது, கொல்லைக்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வாசற்கதவைத் திறந்து வைத்துத் தூங்குவதற்குச் சமானம். குளிர்நாட்டுச் சாளரத்தின் பகை கடத்தல். நம்முடைய சாளரத்தின் பகை கிரணம். ஆகவே நமக்கு வேண்டியது இரண்டாவது கண்ணாடி அன்று, நிழல்.

நிழல் என்றதும் பலரும் திரைச்சீலை வாங்கப் புறப்படுகிறார்கள். திரைச்சீலை உட்புறம் தொங்குவதால் பயன் பாதியும் கெட்டுப்போகிறது. சூரிய கிரணம் கண்ணாடியைத் தாண்டி வந்து துணியில் விழுந்து, துணியைச் சூடாக்குகிறது. சூடேறிய துணி வெளிவிடும் உஷ்ணக் கதிர் வேறு ஜாதி. அதன் அலைநீளம் பெரிது. சூரிய ஒளியைக் கேள்வியின்றி உள்ளே விட்ட அதே கண்ணாடி, இந்த நீண்ட அலையை வெளியே விட மறுக்கிறது. வந்த வழியில் திரும்பிப் போக முடியாத உஷ்ணம் அறைக்குள்ளேயே சுற்றித் திரிகிறது. எனவே மறைப்பு எதுவாயினும் கண்ணாடிக்கு வெளியே நிற்கவேண்டும் என்பது இந்த விஷயத்தில் தலையாய விதி. அருகிலுள்ள வடலூரில், வள்ளலார் 1872-இல் நிறுவிய சத்திய ஞான சபையில், தைப்பூசத்தன்று ஏழு திரைகளை ஒவ்வொன்றாக நீக்கி ஜோதி தரிசனம் காட்டுகிறார்கள். அந்தத் திரைகளின் தத்துவம் வேறு, நாம் பேசும் திரை வேறு என்றாலும், மறைப்பதற்கு ஒரு காலமும் நீக்குவதற்கு ஒரு காலமும் உண்டு என்பதை இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்று நான் வேடிக்கையாக நினைத்துக்கொள்வதுண்டு.

வெளியே மாட்டுவதற்கு உரிய பொருள், தேடிப் போக வேண்டாதபடி, நம் ஜில்லாவிலேயே விளைகிறது. கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லி முதலிய கடலோர ஊர்களின் மணற்பாங்கான நிலத்தில் வெட்டிவேர் பயிராகிறது. களிமண்ணிலும் இந்தப் புல் வளரும். ஆனால் வேரை அறுபடாமல் எடுப்பது மணலில்தான் சுலபம். நட்டு ஏறக்குறைய ஓராண்டு சென்றபின் தோண்டி, மண் உதிர்த்து, அலசிக் காய வைத்த வேர், மஞ்சளும் பழுப்புமாகச் சிக்கு விழுந்த தலைமயிர் போல இருக்கிறது. மூங்கில் பிளாச்சுகளைக் கட்டம் கட்டமாகக் கட்டி, வேரை அரை அங்குலக் கனத்துக்குப் பரப்பி, மேலே இன்னொரு பிளாச்சு வரிசையை வைத்துக் கயிற்றால் தைத்து இறுக்கினால் தட்டி தயார். வேர் அடர்த்தியாக இருந்தால் காற்று புகாது. கலைந்து இருந்தால் வெயில் புகும். கைப்பழக்கம் உள்ளவர்கள் தட்டியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நட்சத்திரம் போல ஊசிப்புள்ளிகள் மட்டும் தெரிகின்றனவா என்று பார்த்துக் கனத்தைச் சரிசெய்கிறார்கள். அக்பரின் கட்டளைப்படி இவ்வேரால் குடில்கள் அமைத்து நீர் தெளித்து வேனிலிலும் குளிர்ச்சி பெற்றதாக அபுல் பஸல் அயினி அக்பரியில் எழுதி வைத்திருக்கிறார். டில்லிப் பாதுஷாவுக்குக் கிடைத்த அந்தச் சுகம், நொச்சிக்காட்டு வேரால் குறிஞ்சிப்பாடித் தறிக்காரர் வீட்டிலும் கிடைக்கத் தக்கதே.

உலர்ந்த தட்டி செய்வது நிழல் கொடுப்பது ஒன்றுதான். நனைந்த தட்டியே முழு வித்தையையும் காட்டுகிறது. தண்ணீர் ஆவியாக மாறுவதற்கு ஏராளமான உஷ்ணத்தை விழுங்குகிறது; சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் முற்றிலும் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வேண்டும். மணிக்கு ஒரு லிட்டர் வீதம் தட்டியிலிருந்து ஆவியானால், அது 670 வாட் வேகத்தில் உஷ்ணத்தை உறிஞ்சுவதாகக் கணக்கு. அதாவது நாம் மேலே பார்த்த சாளரத்தின்மேல் விழும் சூரிய உஷ்ணம் அனைத்துக்கும் ஈடு. ஒரு குடத்துத் தண்ணீர் பிற்பகல் முழுவதற்கும் போதும், சொட்டுவதில் பாதி வீணாகத் தரையில் போனாலும்கூட. முதல் சொம்புத் தண்ணீர் விழுந்தவுடன் எழும் அந்த மண்ணும் வேரும் கலந்த வாசனையைப் பற்றி நான் எழுதப் புகுந்தால் இந்த அத்தியாயம் விஞ்ஞானத்திலிருந்து வழுவிவிடும்.

இங்கே ஓர் ஆச்சரியத்தைக் குறிப்பிடாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய சரிபாதி நீர். கொதிகலனுக்குள் அது எரியும்போது, அந்த நீரையெல்லாம் ஆவியாக்கிப் புகைபோக்கி வழியே வெளியேற்றுவதற்கே எரிபொருள் தன் சக்தியில் ஒரு பங்கைக் கப்பம் கட்டவேண்டியிருக்கிறது. அங்கே பொறியாளர்கள் நஷ்டமென்று கணக்கு எழுதும் அதே ஆவியாதலின் உஷ்ணந்தான், சில கல் தொலைவில் ஒரு வீட்டுச் சாளரத்தில் தொங்கும் தட்டியில் லாபமாக வந்து நிற்கிறது. இயற்கையின் விதி ஒன்றே. அது நம்மிடம் வாங்குகிறதா, நமக்குக் கொடுக்கிறதா என்பது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

ஆனால் தட்டிக்கும் எல்லை உண்டு; அந்த எல்லையை வகுப்பது காற்றில் உள்ள ஈரம். நம் முன்னோர் நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்தார்கள். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து கோடை. மேல்காற்றுக்கும் வேனிலுக்கும் கோடை என்று ஒரே பெயர் அமைந்தது தற்செயல் அன்று. உள்நாட்டு வறண்ட நிலங்களைத் தடவிக்கொண்டு வரும் அந்தக் காற்று, நண்பகலில் 40 பாகையும் 35 சதவீத ஈரப்பதமும் கொண்டிருந்தால், நனைந்த தட்டி அதைத் தத்துவப்படி 27 பாகை வரையில் குளிர்விக்க வல்லது. நடைமுறையில் அந்த எல்லையை எட்டாவிட்டாலும் ஏழெட்டுப் பாகைக் குறைவு பிரத்தியட்சம். பொழுது சாயக் கடற்காற்று புறப்பட்டு வந்து, 33 பாகையும் 75 சதவீத ஈரமும் ஆகிவிட்டதென்றால், எல்லையே 29 பாகை. நாலு பாகைக்குமேல் எவ்வளவு முயன்றாலும் கிடைக்காது. அப்போது தட்டி குளிர்விப்பதைக் காட்டிலும் கடற்காற்றை மறிப்பதுதான் அதிகம். கொண்டல் வீசும் நேரத்தில் கிழக்குச் சாளரத்தைத் திறந்துவிட்டு, மேற்குத் தட்டியையும் கழற்றி, காற்றுக்கு எதிர்வழி காட்டிவிட வேண்டும். மாட்டுவது பாதி வித்தை, கழற்றுவது மறுபாதி.

இந்த மறுபாதியை நான் விலை கொடுத்துத்தான் கற்றேன். தினமும் மாட்டிக் கழற்றும் சிரமத்துக்குச் சோம்பி, ஒரு வருஷம் என் வீட்டு மேற்குச் சாளரத்துத் தட்டியை நாலு மூலையிலும் ஆணி அடித்து நிரந்தரமாக்கிவிட்டேன். கோடை சுகமாகவே சென்றது. ஐப்பசி மழையில் தட்டி ஊறி, பூசணம் பூத்து, வாசனை போய் நாற்றம் பிடித்தது. மார்கழியில் சாளரத்தைத் திறக்கலாமென்று ஆணியைப் பிடுங்கினால், ஈரம் விடாத நிலைச்சட்டத்தின் கீழ்மரம் கையோடு வந்தது. உள்ளே கரையான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. புதுத் தட்டி தைத்துக் கொடுத்த பெரியவர் சாளரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “ஆணி அடிச்சிட்டா அது தட்டி இல்ல தம்பி, சுவரு” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை; கூலியிலும் குறைக்கவில்லை.

குளிர்சாதனம் வைத்த அறைகளுக்கு நியாயம் கொஞ்சம் மாறுகிறது. அங்கே உள்ளே 25 பாகை, வெளியே 40 என்றால், கடத்தலும் கணக்கில் ஏறுகிறது. அதைவிட, சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள இடுக்குகள் வழியே ஈரக்காற்று ஓயாமல் புகுந்து, அதை உலர்த்துவதிலேயே இயந்திரம் தன் உழைப்பில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. இத்தகைய அறைகளில் சாளரத்தின் உட்புறம் அளவாக வெட்டிய அக்ரிலிக் தகடு ஒன்றை, விளிம்பெங்கும் ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டி, காந்தப் பட்டையாலோ திருகு கொண்டியாலோ கழற்றத்தக்கதாகப் பொருத்துவது பயன் தரும். ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். குளிர்நாட்டில் ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகப் பார்க்கிறது. ஆகையால் அவர்கள் உட்சாளரத்தை இறுக்கி, வெளிச்சட்டத்தின் அடியில் சிறு துளை விடுகிறார்கள். நம் ஊரிலோ ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கிறது. வெளிச்சாளரத்தின் இடுக்கை முதலில் அடைக்காவிட்டால், குளிர்ந்த தகட்டின் பின்முகத்தில் நீர் வியர்த்து நிலைமரத்தில் வடியும். அவர்கள் புத்தகத்தைப் பார்த்து நாம் துளை போட்டால் விபரீதந்தான். வெயில் படும் சாளரமானால், தகட்டோடு நில்லாமல் வெளியே தட்டியும் வேண்டும். 500 வாட் நாலு மணி நேரம் உள்ளே வந்தால் இரண்டு யூனிட் உஷ்ணம். அதை வெளியேற்ற இயந்திரம் அதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் செலவழிக்கும். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி என்று வைத்தால், தட்டியில்லாத ஒரு மேற்குச் சாளரம் தினந்தோறும் அரைக்கிலோவுக்கு மேல் நிலக்கரி தின்கிறது. நெய்வேலிக் குடியிருப்பின் வட்டங்களில், சாலையோர மரங்களின் நிழல் விழும் வீட்டுக்கும் விழாத வீட்டுக்கும் உள்ள பேதத்தை இந்தக் கணக்கினாலேயே புரிந்துகொள்ளலாம்.

புயற்சன்னல் என்ற பெயர் இங்கே வேறோர் அர்த்தத்தில் மெய்யாகிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. இந்தப் பகுதியின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த நாள் மறக்காது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, நேரே எதிர்ப்படும் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மேல் 90 கிலோ எடையைச் சுமத்தியதுபோல் அழுத்துகிறது; மெல்லிய கண்ணாடிக்கு அது தாங்காது, பறந்து வரும் ஓட்டுத்துண்டு பட்டாலோ கேட்கவே வேண்டியதில்லை. காற்றெதிர்ப் பக்கத்துச் சாளரம் உடைந்து காற்று உள்ளே புகுந்துவிட்டால், அது கூரையை உள்ளிருந்தும் தூக்குகிறது. கோடையில் தட்டி தொங்கும் அதே இடத்தில், மார்கழிக்குள் ஒரு பலகைச் சட்டத்தை மாட்டிப் போல்ட்டுத் திருகும் ஏற்பாடு இருந்தால் பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதுமான காவல். புயல் நேரத்தில் வெட்டிவேர்த் தட்டியை அங்கே விட்டு வைப்பது மட்டும் கூடாது. அது முதல் வீச்சிலேயே பறந்து அடுத்த வீட்டுக் கண்ணாடியைத் தேடிப் போகும்.

செய்ய விரும்புகிறவர்கள் தட்டியை நிலையைவிட நாற்புறமும் நாலு அங்குலம் பெரிதாகத் தைத்து வாங்கி, கண்ணாடிக்கும் தட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு, மேலே சன்ஷேடின் அடியில் இரண்டு, கீழே இரண்டு என்று சுவரில் நாலு கொக்கி அடித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சாண் இடைவெளியில் சூடான காற்று தானே மேலேறிப் போய்விடும். துளையிட்ட சிறு குழாயை மேல்விளிம்பில் கட்டிவிட்டால் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டாம். ஆடி முடிந்ததும் தட்டியை நிழலில் நன்றாக உலர்த்திப் பரணில் சுவர் ஓரமாக நிறுத்திவைக்க வேண்டும். படுக்கப் போட்டால் எலி குடியேறும். கொக்கிகளை மட்டும் சுவரிலேயே விட்டு, வருஷத்துக்கு இருமுறை எண்ணெய் தடவி வாருங்கள்; கடற்காற்று வரும் ஊரில் இரும்பு அதிக நாள் பொறுக்காது.